எவர் நிலம்? எவர் கை?

சாரத்தில், தோழர் ஒருவரின் வீட்டு மாடியில், அண்மையில் படிப்பு வட்டத்தினர் கூடினர். பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பேச்சு முடிந்து கலையும் வேளையில் இளைஞர் ஒருவர் எழுந்தார். நெடுநாளாகத் தம் நெஞ்சில் புரண்டுகொண்டிருந்த எண்ணத்தை அவையில் வைத்தார். அலுவலக வேலையை விட்டுவிடப் போகிறாராம். சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு நகருக்கு வெளியே இரண்டு ஏக்கர் நிலம் வாங்கப் போகிறாராம். தம் உணவைத் தாமே விளைத்து, தம் குடிலைத் தாமே எழுப்பி, எவர் வாயிலிலும் கைகட்டி நில்லாது தற்சார்பாக வாழப் போகிறாராம். கேட்டோரில் சிலர் கைதட்டினர், சிலர் நகைத்தனர்.

நாம் கைதட்டவும் இல்லை, நகைக்கவும் இல்லை. "வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டோம். இளைஞரின் முகம் வாடிற்று.

அவருடைய தந்தையார் ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னாராம்: "உன் பாட்டன் ஊரான் நிலத்தில் உழைத்து ஓடானான். அந்தச் சேற்றிலிருந்து காலை எடுக்க எனக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது. நீ காசு கொடுத்து அதே சேற்றில் காலை வைக்கப் போகிறாயா? நிலம் எவர் கையில் இருக்கிறது என்பது தெரியாமல் உழவைப் பற்றிப் பேசாதே." இளைஞரின் துணைவியார் கேட்டது அதனினும் கூர்மையானது: "கிணறு எட்டத்தில் இருந்தால் குடம் யார் இடுப்பில் ஏறும்? அடுப்பும் மாடும் யார் தலையில் விழும்? நம் மகள் எந்தப் பள்ளிக்குப் போவாள்?"

சாரம், உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த பகுதி. பெயரிலே உழவர் இருக்கின்றார். தெருவிலே அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாடி மேல் மாடி ஏறிய அந்த ஊரில் ஓர் இளைஞரின் நெஞ்சில் மண்வாசம் வீசுவதை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் அந்தத் தந்தையும் துணைவியும் எழுப்பிய வினாக்களை வீட்டுத் தொல்லை என்று ஒதுக்கிவிட்டு எவரும் ஏர் பூட்டக்கூடாது. அவை வரலாறு எழுப்பும் வினாக்கள். நூறாண்டுக்கும் முன்பே, கடல் கடந்த நாடொன்றில், தமிழர் பலர் இத்தகைய வாழ்வை வாழ்ந்து பார்த்தனர். அந்த வாழ்வின் பெயர் டால்ஸ்டாய் பண்ணை. அதன் கதையை வினாவுக்கு வினா நிறுத்திப் பார்ப்போம்.

கரும்புத் தோட்டத்திலிருந்து சிறைக்கூடம் வரை

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், 'டிரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் இறக்கிற்று. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வெள்ளை முதலாளிகள் வாங்கிய ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். நம் புதுச்சேரித் துறையும் காரைக்கால் துறையும் இந்தப் பழியிலிருந்து தப்பவில்லை. பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து ரியூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழரை ஏற்றி அனுப்பிற்று. ஊரில் நிலமில்லாதவன், கடல் கடந்தும் பிறர் நிலத்திலே பாடுபட்டான். ஒப்பந்தம் முடிந்து உரிமையோடு வாழ நினைத்தவன் மீது நேட்டால் அரசு 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. வரி கட்டு, அல்லது மீண்டும் கூலிக்கு வா, அல்லது கப்பலேறிப் போய்விடு! இதுதான் அந்தச் சட்டத்தின் பொருள்.

டிரான்ஸ்வால் மாநிலத்தில் 1907இல் வேறொரு சட்டம் வந்தது. ஆசியர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். குற்றவாளிக்கு உரிய குறியைக் குடிமகன் மீது இடும் சட்டம் அது. காந்தியார் தலைமையில் எதிர்ப்பு எழுந்தது. சிறை நிரம்பிற்று. சிறையை நிரப்பியவர்களில் தமிழர் முன்வரிசையில் நின்றனர். இளைஞர் சாமி நாகப்பன் 1909 சூலையில், சிறையில் பட்ட துன்பத்தால் மாண்டார். நாராயணசாமி, நாடு கடத்தப்பட்டு, கரையிறங்கவும் இடமளிக்கப்படாமல் கப்பலிலே அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் உயிர் நீத்தார்.

கணவன் சிறைக்குப் போனால் மனைவி மக்களுக்குச் சோறு யார் போடுவது? போராட்டம் ஒன்றைத் தொடங்குவோர் முதலில் எண்ண வேண்டியது இதுவே. குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் கொடுத்துப் பார்த்தனர். பணம் கரைந்தது, போராட்டம் நீண்டது. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, உழைத்து உண்ணச் செய்தால் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் தாக்குப் பிடிக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது. டர்பனுக்கு அருகே 1904இல் தொடங்கிய பீனிக்சு குடியிருப்பு இருந்தது. ஆனால் அது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து முப்பது மணி நேரப் பயணத் தொலைவில் கிடந்தது. ஆகவே அருகிலே ஓர் இடம் வேண்டியிருந்தது. இளைஞர்கள் இதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். நகர வாழ்வு சலித்தவர்கள் அமைதி தேடிக் கட்டிய ஆசிரமமாக அந்தப் பண்ணை தோன்றவில்லை. போராடுவோர் வீட்டு அடுப்பு அணையாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அது தோன்றிற்று.

நிலம் எவருடையது?

1910 மே 30ஆம் நாள், ஹெர்மன் காலன்பாக் என்னும் யூதர், தமக்குச் சொந்தமான 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிப் போராளிகளின் பயன்பாட்டுக்கு விட்டார். அவர் கட்டடக் கலைஞர், செல்வத்தில் திளைத்தவர். நிலம் லாலி என்னும் தொடர்வண்டி நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். ஆரஞ்சும் ஆப்ரிகாட்டும் பிளம்சும் கலந்து ஏறத்தாழ ஆயிரம் கனிமரங்கள். இரண்டு கிணறுகள், ஒரு நீரூற்று, குன்றடியில் ஆறேழு பேர் தங்கத்தக்க சிறு வீடு. ருசிய நாட்டு அறிஞரின் பெயரால் அது டால்ஸ்டாய் பண்ணை ஆயிற்று.

காலன்பாக்கின் உள்ளம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அவர் ஏன் தேவைப்பட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். டிரான்ஸ்வாலில் 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டப்படி, ஆசியர் தமக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே நிலம் வைத்திருக்க முடியாது. கையிலே வலிமை உண்டு, நெஞ்சிலே துணிவு உண்டு, ஆயினும் காலடியிலே நிலம் இல்லை! வெள்ளைத் தோல் கொண்ட நண்பர் ஒருவர் இருந்ததாலேயே தற்சார்பு வாழ்வு தொடங்க முடிந்தது. செலவுக்கும் வெளியிலிருந்து பணம் வந்தது. இந்தியாவிலிருந்து ரத்தன் டாடா 1909இல் அனுப்பிய 25,000 ரூபாய் போராட்டத்துக்கு முட்டுக்கொடுத்தது. இதை மறைத்துவிட்டு, "அவர்கள் தம் கையாலேயே எல்லாம் செய்துகொண்டனர்" என்று கதை கூறுவது நேர்மையன்று.

அமெரிக்காவில் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் குடில் கட்டித் தனியே வாழ்ந்தார். தற்சார்பு பேசுவோர் அனைவரும் அவர் பெயரை எடுத்தே பேச்சைத் தொடங்குகின்றனர். அவருடைய குடில் நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. நிலமுள்ள நண்பன் வாய்த்தவனுக்குக் காட்டு வாழ்வு எளிது. நிலமற்ற கூலிக்கு அது எட்டாக் கனி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மண்ணின் மைந்தர் யார்? ஆப்பிரிக்கக் கறுப்பின மக்கள். அவர்கள் நிலம் வைத்திருப்பதை நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்குக்குள் அடைத்த கொடுஞ்சட்டம் 1913இல் வந்தது. நாம் போற்றும் பண்ணை, பறிக்கப்பட்ட நாட்டின் நடுவே இருந்தது. நம்மவர் போராட்டம் நம்மவர் உரிமையோடு நின்றுவிட்டது என்ற குறையை நாம் மறுக்க இயலாது.

ஆகவே சாரத்துத் தந்தையின் வினா சரியான வினா. நிலம் எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் தற்சார்பு இருக்கிறது.

உழைப்பு எவர் தலையில்?

இனி உழைப்பைப் பார்ப்போம். இளைஞர் நாற்பதின்மர், முதியோர் இருவர் மூவர், பெண்கள் ஐவர், சிறுவர் சிறுமியர் இருபதிலிருந்து முப்பது பேர். இதுவே தொடக்கத்தில் பண்ணையின் குடும்பம். தமிழர், தெலுங்கர், குசராத்தியர், வடவர். இந்து, முசுலிம், பார்சி, கிறித்தவர் எனப் பல வகையினர். முதலில் கூடாரங்களில் தங்கினர். நெளிதகரக் கட்டடங்களை எழுப்ப ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. பெண்களுக்குத் தனி விடுதி, ஆண்களுக்குத் தனி விடுதி. பள்ளிக்கும் தச்சுப் பட்டறைக்கும் செருப்புத் தைக்கவும் இடம்.

வேலைக்காரர் எவரும் இல்லை; இதுவே பண்ணையின் முதல் விதி. சமைப்பது முதல் மலம் அள்ளுவது வரை குடியிருப்போரே செய்தனர். நீரூற்று குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 500 கசம் தள்ளி இருந்தது. தோளிலே காவடித் தண்டு ஏற்றித் தண்ணீர் சுமந்தனர். கோதுமையைக் கையால் அரைத்தனர். ரொட்டியைத் தாமே சுட்டனர். வறுத்த கோதுமையில் காப்பி வடித்தனர். வேர்க்கடலையில் வெண்ணெய் எடுத்தனர். காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். பதினொரு மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும். மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது ரொட்டி. சாராயமும் புகையும் கிடையா. உண்பது ஒரே சமையலறையில், ஒரே வரிசையில்.

காலன்பாக், டிராப்பிஸ்டுத் துறவிகளின் மடம் ஒன்றுக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியார் கற்றார். காந்தியாரிடம் மற்றவர் கற்றனர். பாம்பு மிகுந்த நிலம் அது. பாம்பைக் கண்டு கற்பூரம் கொளுத்தாமல், பாம்புகளைப் பற்றிய நூல்களை வரவழைத்தார் காலன்பாக். நஞ்சுள்ளது எது, நஞ்சற்றது எது என்று பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அச்சத்தை அறிவால் வெல்வதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

ஊர்ப்பணிக்காகப் போவோர்க்கே தொடர்வண்டி. அதுவும் மூன்றாம் வகுப்பு. தம் விருப்பத்துக்காக நகர் செல்வோர் நடந்தே போக வேண்டும், கட்டுச்சோறும் பண்ணையிலிருந்தே. இரவு இரண்டு மணிக்கு எழுந்து புறப்பட்டு ஆறேழு மணி நேரம் நடப்பர். 21 மைலையும் 4 மணி 18 நிமிடத்தில் கடந்ததே விரைவில் முதலிடம் பெற்றது.

இங்கே ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். ஜோசப் ராயப்பன். ஒப்பந்தக் கூலிகளுக்கு நேட்டாலில் பிறந்த மகன். கேம்பிரிட்ஜில் படித்துப் பாரிஸ்டர் ஆனவர். கூலியின் மகன் பாரிஸ்டர் ஆவது அந்நாளில் வானத்தை வில்லாய் வளைத்த செயல். அந்தப் பாரிஸ்டர் லாலி நிலையத்துக்குப் போய், வண்டியில் வந்த மூட்டைகளை இறக்கி, கைவண்டியில் ஏற்றி இழுத்தார். கடின உழைப்பு அவருக்குப் பழக்கமில்லை. ஆயினும் இயன்றவரை இழுத்தார். பன்முறை சிறை கண்ட தம்பி நாயுடு, துப்புரவுப் பணியையும் சந்தைக்குச் சென்று பொருள் வாங்கும் பணியையும் ஏற்றார். போர்ப்படையின் தளபதி கழிவுக் குழியையும் கவனித்தார்! குழி தோண்டி மூடிய கழிவு எருவாயிற்று. ஈயும் நாற்றமும் இல்லை. 'இது உன் குலத்தின் வேலை' என்று எவரையும் சுட்டிக்காட்டாத ஓரிடம் அது. நம் நாட்டில் மலக்கூடை இன்னார் தலையில் என்று மனு வகுத்த காலத்தில், அங்கே கூடை எல்லார் கைக்கும் மாறிற்று. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இந்தப் பாராட்டின் அருமை, நம் வீட்டுக் கதையோடு ஒப்பிட்டால் விளங்கும். 1910 முதல் பத்தாண்டுக் காலம் நம் புதுச்சேரியில் புகலிடம் பெற்று வாழ்ந்தவர் வ.வே.சு. ஐயர். வீரர், பன்மொழிப் புலவர். தமிழகம் திரும்பியபின் சேரன்மாதேவியில் குருகுலம் கண்டார். படிப்போடு உடலுழைப்பையும் நாட்டுப்பற்றையும் ஊட்டுவது அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசு அதற்கு 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லாம் சரி, உணவு வேளையில் என்ன நடந்தது? பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனி இடம், தனி உணவு! பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கொதித்தெழுந்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகமே அதிர்ந்தது. ஜோகன்னஸ்பர்க் அருகே தகரக் கொட்டகையில் முடிந்த ஒரு செயல், பொருநைக் கரையில் முடியவில்லை. வயலும் வரப்பும் அமைந்துவிட்டால் புதுவாழ்வு அமைந்துவிடாது. உண்ணும் வரிசை ஒன்றாயிற்றா என்று பார்த்த பின்பே நாம் தீர்ப்புக் கூற வேண்டும்.

பெண்ணும் பிள்ளையும்

பண்ணை குறையற்றதா? இல்லை. குறைகளையும் கூறுவதே பகுத்தறிவாளர் கடமை.

ஒருமுறை, குறும்புக்காரச் சிறுவர்கள் இரு சிறுமியரிடம் கேலியாக நடந்துகொண்டனர். காந்தியார் என்ன செய்தார்? சிறுவரைக் கண்டித்தார், அதோடு நில்லாமல், பார்ப்போர் கண்ணை ஈர்க்காதிருக்கட்டும் என்று அந்தச் சிறுமியரின் நீண்ட கூந்தலைத் தம் கையாலேயே கத்தரித்தார்! பண்ணையில் இருந்த மூத்த பெண்கள் முதலில் ஒப்பவில்லை, பின்னரே இணங்கினர். குற்றம் செய்தவன் ஒருவன். அடையாளம் சுமந்தவள் மற்றொருத்தி. காந்தியார் அதை மறைக்கவில்லை. தாமே எழுதி வைத்திருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறோம். அந்தத் தீர்ப்பை ஏற்க மாட்டோம். கூந்தல் வைப்பதோ குறைப்பதோ பெண் தானே முடிவு செய்வதற்கு உரியது. ஆணின் கண் அடங்குவதற்காக வெட்டப்படும்போது அது தண்டனை.

பிள்ளைகளின் கல்வி? காலையெல்லாம் வயலிலும் வீட்டிலும் வேலை. பள்ளி நடந்தது பிற்பகலில். களைத்துப்போன ஆசிரியரும் மாணவரும் தூங்கி விழுந்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவரும் காந்தியாரே. அவருடைய தமிழோ போப் எழுதிய கையேட்டிலிருந்து கப்பல் பயணத்தில் தேடிக்கொண்ட சிறு தமிழ். அவருடைய மூத்த மகன் அரிலால் பலமுறை சிறை சென்ற போராளி. முறையான கல்வி வேண்டும் என்று தந்தையோடு வாதாடினார். தந்தை இணங்கவில்லை. 1911 மே மாதம் அந்த மகன் வீட்டை விட்டு வெளியேறினார். அந்த விரிசல் பின்னர் முற்றிலும் கூடவே இல்லை. பெயர் தந்த டால்ஸ்டாயின் வீடும் இதற்கு விலக்கன்று. பிரபுவாகப் பிறந்து ஏர் பிடித்தார், எளிமையைப் போதித்தார். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்று, பெரிய பண்ணைவீட்டை நடத்தி, அவருடைய கையெழுத்துப் படிகளையும் படியெடுத்துத் தந்தவர் மனைவி சோபியா. பூசல் முற்றி, 82 வயதில் இரவோடிரவாக வீட்டை விட்டுப் போன டால்ஸ்டாய், 1910 நவம்பரில் தொடர்வண்டி நிலையம் ஒன்றில் மாண்டார். உயர்ந்த கொள்கைக்கு வீட்டாரை எரிபொருள் ஆக்கினால் விளைவு இதுதான்.

"வேலையே கல்வி" என்ற பேச்சை நாம் கேட்டவர்கள். 1953இல் ஆச்சாரியார் ஆட்சி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. தமிழகம் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் போராடிற்று. 1954இல் அது ஒழிந்தது. பண்ணையையும் அந்தத் திட்டத்தையும் ஒன்றெனக் கூற மாட்டோம். பண்ணையில் பாரிஸ்டரும் மூட்டை இழுத்தார். குலக்கல்வியிலோ வண்ணான் மகன் துறைக்கும் குயவன் மகன் சக்கரத்துக்கும் திரும்ப வேண்டும். ஆயினும், உழைப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும், பிள்ளையின் ஏட்டைப் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுப்பது தவறு. அரிலாலின் வழக்கில் நாம் மகன் பக்கம்.

எதற்காக அந்த வாழ்வு?

1913 தொடக்கத்தில் பண்ணைக் குடும்பம் கலைந்தது. எஞ்சியோர் பீனிக்சுக்குச் சென்றனர். மூன்றே ஆண்டு! தோற்றுப்போன முயற்சிதானே என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். அதற்குப் பின் நடந்ததைக் கேளுங்கள்.

1913 மார்ச்சில், கேப் மாநில நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவும் செய்யப்படாத திருமணங்கள் செல்லா என்று தீர்ப்புரைத்தார். ஒரே நாளில் ஆயிரமாயிரம் மனைவியர் மனைவியர் அல்லர் என்றாயிற்று! சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியபோது நம் குடும்பங்கள் அடைந்த அவமானத்தை அறிந்தோர்க்கு இந்தத் தீர்ப்பின் கொடுமை விளங்கும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் சட்டம் செய்தே நம் இழுக்கு நீங்கிற்று.

அங்கே சட்டம் செய்ய நம்மவர்க்கு அவை இல்லை. பெண்கள் களத்தில் இறங்கினர். டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்து பழகிய பெண்கள் முன்வந்தனர். பதினொருவர், பெரும்பாலோர் தமிழர். அறுவர் கையில் பால்குடிப் பிள்ளைகள், ஒருவர் கருவுற்றிருந்தார். அனுமதியின்றி எல்லை கடந்தனர்; அரசு கைது செய்யவில்லை. உரிமமின்றிக் கூவி விற்றனர். அப்போதும் கைது செய்யவில்லை. நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். கரி படிந்த தமிழ்த் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் வெடித்தது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல்.

அரசின் கண்ணில் அவர்கள் எழுத்தறியாக் கூலிப் பெண்கள். ஆனால் கல் தரையில் படுக்கவும், கைக்கல் இழுக்கவும், பல மதத்தாரோடு ஒரே வரிசையில் உண்ணவும், மைல் கணக்கில் நடக்கவும் பண்ணையில் பழகியவர்கள் அவர்கள். சிறை அவர்களுக்குப் புதிய அச்சம் எதையும் காட்டவில்லை.

நவம்பர் 6ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்தோரின் பெரும்படை டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தது. ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்சு சர்க்கரை, இதுவே உணவு. அவர்கள் எங்கே நடந்தனர் தெரியுமா? டால்ஸ்டாய் பண்ணைக்கு! வழியில் கைது செய்யாவிட்டால், எட்டு நாளில் அங்கே சேர்ந்து, உழைத்து உண்டு, போராட்டம் முடியும்வரை தங்குவது என்பது திட்டம். ஐந்தாம் நாள், பால்ஃபரில் அவர்களை வளைத்துத் தொடர்வண்டிகளில் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கூலிகள் பண்ணையைக் கண்ணால் காணவில்லை. ஆனால் போய்ச் சேர ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கையில் நடந்தார்கள். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள் 16 வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போரின் மகள். அதே ஆண்டில் மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம்மவர் திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன.

இந்த இடத்தில் நம் நெஞ்சைக் குத்தும் செய்தி ஒன்று உண்டு. அந்தப் பதினொரு பெண்களின் பட்டியல் காந்தியார் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமிப் பிள்ளை என்று போகிறது. கணவர் பெயர், கணவர் பெயர், கணவர் பெயர்! மணமாகாத இருவர்க்கு மட்டுமே சொந்தப் பெயர். சாம்ராச்சியத்தை எதிர்த்துச் சிறை சென்றவளுக்கு ஏட்டிலே தன் பெயரால் நிற்க இடமில்லை. தம்பி நாயுடுவின் துணைவியார் பெயர் வீரம்மாள். பெயரிலேயே வீரம், அந்தப் பெயர்தான் பட்டியலில் இல்லை.

சாரத்துத் தோழர்க்கு

சாரத்து இளைஞரிடம் நாம் மீண்டும் வருகிறோம். தோழரே, போகாதீர் என்று கூற மாட்டோம். போகும் வகையைக் கூறுவோம்.

தந்தையாரை எதிரியாக எண்ணாதீர். நிலம் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பிறர் நிலத்தில் உழைத்த குடும்பத்தின் நினைவு அவரிடம் இருக்கிறது. அது எந்த நூலிலும் கிடையாது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததும் நிலமற்றோர் கூலி கேட்ட குற்றத்துக்காகவே. அந்தக் கீழைத் தஞ்சையில், கிருஷ்ணம்மாளும் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் 1981இல் 'லாப்டி' என்னும் அமைப்பைத் தொடங்கினர்; நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலத்தை வாங்கித் தந்தனர்; பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதினர். பட்டியலில் பெயரில்லாத வீரம்மாள்களுக்குப் பத்திரத்தில் பெயர் கிடைத்தது. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் 1989இல் அது சட்டமாயிற்று. 2005இல் இந்தியா முழுவதும் பரவிற்று. நீர் வாங்கும் இரண்டு ஏக்கரின் பத்திரத்தில் துணைவியார் பெயர் இருக்கட்டும். அவர் ஒப்பிய பின்பே முன்பணம் கொடுங்கள்.

மகள் பள்ளிக்குப் போகட்டும். மண்ணை அவள் விடுமுறையில் அறியட்டும். பின்னாளில் அவள் பாரிஸ்டர் ஆகி வந்து மூட்டை இழுத்தால் அது அவள் விருப்பம்.

உம் வேலிக்கு அப்பால் கூலி உழவர் வாழ்வர். அவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் உம் அடுப்பில் அவர்களுக்கும் உலை கொதிக்குமா? ஊருக்கு ஆபத்து வந்தால் நடந்து வந்து சேரத்தக்க இடமாக உம் பண்ணை இருக்குமா? இருக்குமானால் அது மூன்றாண்டு நிலைத்தாலும் போதும். வரலாறு அதை மறவாது.

கடைசியாக ஒன்று. துணைவியார் கேட்ட முதல் வினாவுக்கு நாம் மறுமொழி கூற முடியாது. கிணறு எட்டத்தில்தான் இருக்கும். முதல் நாள் விடியலில், அவர் எழுமுன், குடத்தை எடுத்துக்கொண்டு நீர் நடந்து போங்கள். மறுநாளும் போங்கள்.